விளக்கு வைத்த வேளைக்கு ஒரு லென்ஸ்

ஊரை விட்டு வெளிமாநிலம் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலும் ஒரு பழைய தகரப் பெட்டி இருக்கும். கல்யாணப் பத்திரிகைகளுக்கும் வீட்டுப் பத்திரங்களுக்கும் நடுவே சில நிழற்படங்களும் அதில் கிடக்கும். அவற்றை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பாட்டனார் ஸ்டுடியோவில் தீட்டிய திரைக்கு முன்னால் நிற்பார். பாட்டியார் வாசலில் நாற்காலியிட்டு, வெயிலுக்குக் கண் கூச அமர்ந்திருப்பார். அடுப்பங்கரையில் இருந்த பாட்டியாரையோ, விளக்கு வைத்தபின் திண்ணையில் கதை பேசிய பாட்டனாரையோ அப்படங்களில் காண்பது அரிது. அவர்களுடைய வாழ்நாளில் பெரும்பகுதி கழிந்தது அங்கேதான். ஆயினும் அப்பகுதி மட்டும் படத்தில் இல்லை. அன்றைய காமிராவுக்கு அந்த வெளிச்சம் போதவில்லை என்பதே காரணம்.

இக்குறையைப் போக்க எழுந்ததே வேக லென்ஸ் என்பது. பெங்களூரு அடுகோடியில் நாம் வாழும் தெருவிலும், பழைய தூரமானிக் காமிராவைத் தேடி வாங்கி அதில் பிலிம் இட்டுப் படமெடுக்கும் இளைஞர் சிலர் இருக்கின்றனர். "ஐம்பது மில்லிமீட்டரில் எந்த வேக லென்ஸை வாங்கலாம்?" என்று அவர்கள் எம்மைக் கேட்பதுண்டு. இதற்குரிய விடை விலைப்பட்டியலில் இல்லை. அந்த லென்ஸ்களின் வரலாற்றில் இருக்கிறது.

முதலில் பெயரை விளக்குவோம். லென்ஸின் வேகம் என்பது அது எவ்வளவு ஒளியை உள்ளே விடுகிறது என்பதே. எப் எண் குறையக் குறைய ஒளித்துவாரம் பெரிதாகும். 1925ஆம் ஆண்டில் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த லைக்கா காமிராவை அமைத்தவர் ஆஸ்கர் பர்னாக். அதற்கு லென்ஸ் வகுத்தவர் மாக்ஸ் பெரக். அந்த லென்ஸின் அளவு எப் 3.5. எப் 2 லென்ஸ் அதைப் போல் மூன்று மடங்கு ஒளியை விடும், எப் 1.5 ஐந்து மடங்குக்கு மேல் விடும். அக்காலத்துப் பிலிம்கள் மிக மந்தமானவை. ஆகவே இந்த ஐந்து மடங்கு, படம் உண்டா இல்லையா என்பதையே தீர்மானித்தது.

வேக லென்ஸுக்கு வழி திறந்தவர் லுட்விக் பெர்ட்டெலே என்னும் ஜெர்மானியர். டிரெஸ்டன் நகரத்து எர்னமன் நிறுவனத்தில் பணியாற்றியபோது, இருபதுகளின் தொடக்கத்திலிருந்த அவ்விளைஞர் 1923இல் எர்னோஸ்டார் எனும் எப் 2 லென்ஸை ஆக்கினார். அது பொருத்தப்பெற்ற சிறு தட்டுக் காமிராவைக் கொண்டு எரிக் சாலமன் என்பவர் நீதிமன்றங்களிலும் அரசியல் மாநாடுகளிலும் பளிச்சொளி இல்லாமல் படமெடுத்தார். நள்ளிரவு வரை பேசிக் களைத்து, நாற்காலியில் சாய்ந்துவிட்ட அமைச்சர்களை உலகம் முதன்முதலாகக் கண்டது அவர் வழியாகத்தான். யூதரான அவர் 1944இல் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். பிறர் இருளில் மறைக்க விரும்பியதைக் காட்டிய கலைஞரின் முடிவு அது.

எர்னமன் நிறுவனம் 1926இல் சைஸ் ஐக்கானில் இணைந்தது. 1932ஆம் ஆண்டு இத்துறையில் ஒரு திருப்பம். லைக்காவில் தூரமானி உள்ளேயே அமைந்தது அவ்வாண்டில்தான். அதற்குப் போட்டியாகச் சைஸ் ஐக்கானின் காண்டாக்ஸ் காமிரா வெளிவந்ததும் அவ்வாண்டில்தான். தூரமானியின் சாளரத்தில் ஒரே உருவம் இரண்டாகத் தெரியும். வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் குவியம் சரியாயிற்று என்பது பொருள். காண்டாக்ஸுக்காகப் பெர்ட்டெலே வகுத்த லென்ஸே புகழ்பெற்ற சோனார். அது எப் 2 ஆகவும் எப் 1.5 ஆகவும் வந்தது.

சோனாரின் நுட்பத்தை எளிதாகச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு முறையும் ஒளி காற்றிலிருந்து கண்ணாடிக்குள் புகும்போதும், கண்ணாடியிலிருந்து காற்றுக்கு வெளிவரும்போதும் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு தெறித்து வீணாகும்; அத்தெறிப்பு படத்தையும் வெளிறச் செய்யும். அக்காலத்து மற்ற வேக லென்ஸ்கள் பலவற்றில் அத்தகைய பரப்புகள் எட்டு. பெர்ட்டெலே கண்ணாடிகளை ஒட்டி மூன்றே தொகுதிகளாக்கிப் பரப்புகளை ஆறாகக் குறைத்தார். எனவே எதிரே விளக்கு எரிந்தாலும் சோனாரின் படத்தில் கருமை கருமையாகவே நின்றது. 1933இல் வந்த லைக்காவின் எப் 2 சும்மார் அத்தகைய வெளிச்சத்தில் அதற்கு ஈடாகவில்லை.

ஆனால் அந்த மேன்மை நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1935இல் சைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் சுமாக்குலா, கண்ணாடியின் மேல் மெல்லிய பூச்சிட்டுத் தெறிப்பைக் குறைக்கும் வழியைக் கண்டார். போருக்குப் பின் அப்பூச்சு எங்கும் பரவவே, பரப்புகளை எண்ணி அஞ்ச வேண்டிய தேவை குறைந்தது. 1953இல் வந்த லைக்காவின் எப் 2 சும்மிக்ரான், பரப்புகள் மிகுந்த அமைப்பிலும் தெளிவு தரலாம் என்பதை நிலைநாட்டியது. சோனாரோ பல நாடுகளுக்குச் சிதறியது. சோவியத் நாட்டில் அது ஜுப்பிட்டர் ஆயிற்று. ஜப்பானிய நிறுவனங்களும் அவ்வமைப்பைத் தழுவின. 1950இல் கொரியப் போருக்குச் சென்ற அமெரிக்கர் டேவிட் டக்ளஸ் டங்கன் தம் லைக்காவில் நிக்கார் லென்ஸ்களைப் பொருத்தி எடுத்த படங்களால் ஜப்பானியக் கண்ணாடியின் புகழ் மேலைநாடுகளில் ஓங்கியது. அதன்பின் எண்ணின் பந்தயம் தொடங்கியது. 1956இல் நிக்கார் எப் 1.1, 1961இல் கேனன் எப் 0.95. விளம்பரத்துக்கு அந்த எண்கள் உதவின. எடையும் விலையும் கூடின. முழுத் துவாரத்தில் தெளிவு குறைந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஆன்றி கார்ட்டியே பிரெஸ்ஸோன் என்னும் பிரெஞ்சுக்காரர் லைக்காவையும் ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸையுமே பெரிதும் நம்பியவர், பளிச்சொளியை வெறுத்தவர். 1948 ஜனவரி 30ஆம் நாள் பிற்பகலில் அவர் தில்லியில் காந்தியடிகளைக் கண்டு விடைபெற்றார். அன்று மாலையே அண்ணல் சுடப்பட்டார். பிர்லா மாளிகையின் வாயிலில் ஏறி நின்று அத்துயரச் செய்தியை மக்களுக்கு அறிவிக்கும் நேருவை, அங்கிருந்த விளக்கொளியிலேயே பிரெஸ்ஸோன் படமெடுத்தார். அன்றிரவு நேரு வானொலியில் பேசினார். குரலை நாடு கேட்டது. அந்த இருளின் தோற்றத்தை இன்றைய நாம் அறிவது அப்படத்தால். அப்படம் தெளிவானதன்று, ஆயினும் பளிச்சொளி பாய்ச்சியிருந்தால் அவ்விரவு அதில் இருந்திராது.

அவரே 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷியின் இறுதி நாட்களில் அவரைப் படமெடுத்தவர், ஏப்ரல் 14ஆம் நாள் இரவு அவர் உடல் துறந்த வேளையில் வானில் ஓர் ஒளி நகர்ந்ததைத் தாமும் கண்டதாகக் கூறினார். அதைக் கண்ணால் கண்டார், காமிரா காணவில்லை. எந்த லென்ஸுக்கும் ஓர் எல்லை உண்டு.

அந்த எல்லையை நாம் உணர்ந்தது அடுகோடியில்தான். 1953 முதல் இங்கே மைக்கோ ஆலையில் பொறிவிளக்குகளும் டீசல் எந்திரத்துக்குரிய பாகங்களும் உருவாகத் தொடங்கின. தமிழகத்திலிருந்து வேலை தேடி இப்பகுதிக்கு வந்தவர்களில் எம் தந்தையாரும் ஒருவர். ஒரு பட்டறையில் மைக்ரோமீட்டரைக் கையில் பிடித்தே முப்பது ஆண்டுகளைக் கழித்தவர். அவர் நோயுற்றிருந்த ஆண்டில், விளக்கு வைத்த வேளையில், அவர் வழக்கமாக அமரும் ஜன்னலோரத்தில் அவரைப் படமெடுக்க விரும்பினோம். எண் பெரிதென்னும் ஆசையால் பழைய எப் 1.5 லென்ஸ் ஒன்றை வாங்கினோம், சோதித்துப் பார்க்கவில்லை. பிலிம் ஒன்றை முழுதும் எடுத்துக் கழுவிப் பார்த்தால், படத்துக்குப் படம் மூக்கின் நுனி தெளிவாக இருந்தது, கண்கள் மங்கியிருந்தன.

தந்தையார் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "அளவுகோல் சரியில்லாதபோது எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும் பயனில்லையப்பா" என்றார். பிழை லென்ஸில் மட்டும் இல்லை. சோதிக்காமல் வாங்கிய எம்மிடமும் இருந்தது.

அவர் கூற்று கணக்கோடு ஒத்தது. எப் 1.5 துவாரத்தில் ஒரு மீட்டர் தூரத்திலுள்ள முகத்தை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் மூன்று, நான்கு சென்டிமீட்டரே. பிலிமின் பக்கத்தில் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு பிசகினாலும் கண் மங்கும். தூரமானிக் காமிராவில் லென்ஸும் உடலும் வெவ்வேறு கைகளில் பிறந்தவை; இரண்டும் ஒத்திசைந்தாலன்றித் தூரமானி காட்டுவது உண்மையாகாது. சோனார் வகையில் இன்னொரு இயல்பும் உண்டு. துவாரத்தைச் சுருக்கும்போது குவியம் சற்றே பின்னுக்கு நகரும். அதை அறிந்து பழகியவருக்கு அது நல்ல தோழன், அறியாதவரை ஏமாற்றும்.

ஆகவே வாங்குவோர்க்கு நாம் கூறுவது இது. முதலில், எந்த வெளிச்சத்தில், யாரை எடுக்கப் போகிறோம் என்பதை எண்ணுங்கள். வீட்டு விளக்கில் அமர்ந்திருப்பவரை எடுக்க எப் 2 பெரும்பாலும் போதும். அதற்கும் எப் 1.4க்கும் உள்ள வேறுபாடு இரு மடங்கு ஒளியே. இன்றைய வேகமான பிலிம்கள் அந்த வேறுபாட்டை எளிதில் ஈடுசெய்யும். முகத்தில் மென்மையும், பின்னணியில் குழைவும் விரும்புவோர் சோனார் வகையை நாடலாம். ஓரம் வரை தெளிவு விரும்புவோர் சும்மிக்ரான் போன்ற வகையை நாடலாம்.

இரண்டாவதாக, லென்ஸின் துவாரத்தை முழுதும் திறந்து, பின்னிருந்து கைவிளக்கை அடித்துப் பாருங்கள். பனி படர்ந்தாற்போல் மங்கல் தெரிகிறதா, நூல் நூலாகப் பூஞ்சணம் ஓடுகிறதா, ஒட்டிய கண்ணாடிகள் விலகி வானவில் நிறம் காட்டுகின்றனவா என்று நோக்குங்கள். மழைக்காலத்து ஈரத்தில் பெட்டிக்குள் கிடந்த லென்ஸ்களுக்கு இவை வருவதுண்டு. சும்மார், சும்மாரிட் போன்றவற்றின் முன்பரப்பு மென்மையானது. துடைத்துத் துடைத்தே கீறல் விழுந்தவை மிகுதி.

மூன்றாவதாக, உங்கள் காமிராவிலேயே பொருத்திச் சோதியுங்கள். ஒரு மீட்டர் தூரத்தில் அளவுகோலைச் சாய்த்து வைத்து, நடுவிலுள்ள ஒரு கோட்டுக்குக் குவியம் செய்து, முழுத் துவாரத்தில் படமெடுங்கள். அக்கோடே தெளிவாக விழுந்தால் வாங்கலாம். முன்னோ பின்னோ விழுந்தால், திறமையுள்ள பழுதுபார்ப்பவரிடம் சரிசெய்யும் செலவையும் விலையோடு சேர்த்து எண்ணுங்கள். திரையிலேயே உருவத்தைப் பெரிதாக்கிக் காட்டும் இன்றைய டிஜிட்டல் காமிராவில் பொருத்துவோர்க்கு இத்தொல்லை குறைவு.

நம் உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் 'இந்து' பிலிம் ஒருகாலத்தில் நாடெங்கும் வீட்டுப் படங்களைத் தாங்கியது. அவ்வாலை இன்று இயங்கவில்லை. எஞ்சியிருப்பவை அப்படங்களே. அவற்றிலும் பல வெயிலில் எடுத்தவை.

எம் தந்தையாரின் படம் பிறகு கிடைத்தது. ஒரு நண்பர் இரவலாகத் தந்த எளிய எப் 2 லென்ஸை மேற்கூறியவாறு சோதித்துவிட்டு, அதே ஜன்னலோரத்தில், அதே விளக்கில் எடுத்தோம். கண்கள் தெளிவாக விழுந்தன. அதன்பின் அவர் நான்கு மாதங்களே இருந்தார். அப்படம் இன்று தகரப் பெட்டியில் இல்லை. அவர் அமர்ந்த ஜன்னலுக்கு மேலே மாட்டியிருக்கிறோம்.