ஐந்து சதவீதம்

திருச்செங்கோட்டுப் பக்கம் குமாரமங்கலம் என்று சொன்னால் பெரியவர்கள் ஆண்களின் பெயரைத்தான் அடுக்குவார்கள். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்த ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன், ராணுவத் தலைமைத் தளபதியான மகன், மத்திய அமைச்சரான மோகன் குமாரமங்கலம், சேலம் எம்.பி.யாக இருந்த பேரன் ரங்கராஜன். அந்த வட்டாரத்துப் பள்ளிகளில் டீச்சராக இருந்த காலமெல்லாம் நானும் இதைத்தான் கேட்டேன். அந்த வீட்டு அம்மா ராதாபாயைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை.

ராதாபாய் மங்களூரில் 1891-இல் பிறந்தவர். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்திய குத்முல் ரங்கராவின் மகள். சென்னை மாநிலக் கல்லூரியிலும் ஆக்ஸ்போர்டிலும் படித்தார். 1912-இல் சுப்பராயனைக் கைப்பிடித்தார். சாதி தாண்டிய கல்யாணம், அதுவும் அந்தக் காலத்தில்!

1930-இல் லண்டனில் முதல் வட்டமேஜை மாநாடு. இந்தியாவிலிருந்து போன பெண் பிரதிநிதிகள் இருவர்: பேகம் ஷா நவாஸ், ராதாபாய். காங்கிரஸ் அந்த மாநாட்டைப் புறக்கணித்திருந்தது. குமாரமங்கலத்துக்குப் பக்கத்திலேயே, ராஜாஜி 1925-இல் தொடங்கிய புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தில் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரன் கூப்பிட்டான் என்று ஜமீன் வீட்டு அம்மா கப்பல் ஏறினால் ஊர் என்ன பேசியிருக்கும்!

அங்கே இருவரும் கேட்டது, சட்டசபைகளில் முதல் மூன்று தேர்தல்களுக்கு மட்டும் பெண்களுக்கு ஐந்து சதவீத இடம். எதிர்ப்பு பெண்கள் சங்கங்களிலிருந்தே கிளம்பியது. சலுகை வேண்டாம், சமத்துவம் போதும் என்றார்கள். அடுத்த வருஷ மாநாட்டில் சரோஜினி நாயுடுவும் அதையே சொன்னார், ஷா நவாஸும் அவர் பக்கம் போய்விட்டார். ராதாபாய் மட்டும் தன் பேச்சில் நின்றார். தறி ஓட்டும் பெண்ணின் பாடு ஜமீன் வீட்டுக்குத் தெரியுமா என்று கேட்டால், தெரிந்திருக்காது என்றுதான் சொல்வேன். ஆனால் ஆண்கள் தாங்களாக எழுந்து நாற்காலி கொடுக்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1935 சட்டப்படி அமைந்த சென்னை சட்டசபையின் 215 இடங்களில் பெண்களுக்கு 8. அவர் கேட்ட ஐந்து சதவீதம்கூட இல்லை. 1938-இல் அவர் டெல்லி கவுன்சில் ஆஃப் ஸ்டேட்டுக்குத் தேர்வானார். அந்த மேலவையின் முதல் பெண் உறுப்பினர் அவர்தான். 1960-இல் காலமானார். மகள் பார்வதி கிருஷ்ணன் கம்யூனிஸ்ட் கட்சி எம்.பி.யாகக் கோவையிலிருந்து போனார்.

ஒதுக்கீடு எங்கள் ஊர்களுக்கு வந்தது 1996 அக்டோபர் உள்ளாட்சித் தேர்தலில். மூன்றில் ஒரு பங்கு. 2016-இல் அது பாதியானது. அதன் பிறகு கிராம சபைகளில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். தலைவி ஓரமாக உட்கார்ந்திருப்பார், மைக் அவர் வீட்டுக்காரர் கையில் இருக்கும். கேள்வி கேட்டால், "அவருங்க சொல்லுவாருங்க" என்று பதில் வரும். ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்துக்கு மட்டும் அம்மா வேண்டும்.

எல்லோரும் அப்படியில்லை. போர் மோட்டார் கெட்டுப்போனால் தொட்டிக்கடியில் தானே வந்து நின்று, தண்ணீர் ஏறும்வரை நகராத தலைவிகளையும் பார்த்திருக்கிறேன். குடம் தூக்கியவளுக்குத்தான் அந்த அவசரம் புரியும். முதல் தடவை ஒதுக்கீட்டில் பேசத் தயங்கியவர், அடுத்த தடவை ஒதுக்கீடு இல்லாத இடத்திலேயே ஆண்களை எதிர்த்துப் போட்டியிட்டதும் உண்டு. 'பினாமித் தலைவி' என்று கேலி பேசுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

நாடாளுமன்றத்திலும் சட்டசபையிலும் மூன்றில் ஒரு பங்கு என்ற சட்டம் 2023-இல்தான் நிறைவேறியது. அதுவும் தொகுதி மறுவரையறைக்குப் பிறகே நடைமுறைக்கு வரும். அதுவரை நம் கையில் இருப்பது கிராம சபை. உங்கள் ஊரில் பெண் தலைவராக இருந்தால், ஜனவரி 26-ஆம் தேதியோ மே 1-ஆம் தேதியோ சபை கூடும்போது, கேள்வியை அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். வீட்டுக்காரர் பதில் சொல்ல எழுந்தால், உட்காரச் சொல்லுங்கள்.