பேட்டரி இழுத்த ரயில்

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் பாசஞ்சரில், வண்டி நின்றால் விளக்கு மங்கும். வேகமெடுத்தால் பளிச்சென்று எரியும். உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சக்கர அச்சிலிருந்து பெல்ட் போட்டுச் சுற்றும் டைனமோவும், பெட்டிக்கு அடியில் இருக்கும் பேட்டரியும்தான் காரணம் என்று அப்பா சொல்வார்.

பள்ளியில் எங்கள் முசியே அதை 'அக்யுமுலத்தேர்' என்பார். 1859-இல் ஈயத் தகடுகளைச் சுருட்டிக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தி அதை உருவாக்கிய கஸ்தோன் பிளாந்தே பிரெஞ்சுக்காரர் என்பதில் அவருக்குத் தனிப் பெருமை. "விளக்கு எரிக்கிற பேட்டரி வண்டியையே இழுக்காதா, முசியே?" என்று கேட்டேன். "தன் கனத்தைச் சுமக்கவே அதற்குப் போதாது" என்று சிரித்தார்.

ஓய்வு பெற்றபின் படித்துப் பார்த்தால், அப்போதே இழுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது! மேற்கு ஜெர்மனியில் 1950-களில் வந்த ஈயப் பேட்டரி ரயில்கள் 1995 வரை ஓடின.

எனக்குப் பிடித்தது அயர்லாந்தின் கதை. புதிதாக விடுதலை பெற்ற நாடு. நிலக்கரிக்கு இங்கிலாந்தையே நம்பியிருந்தது. ஷானன் நதியில் சொந்தமாக நீர்மின்சாரம் எடுத்தார்கள். ஜேம்ஸ் டிரம் என்ற வேதியியலாளர், சீக்கிரம் சார்ஜ் ஏறும் நிக்கல்-துத்தநாகப் பேட்டரி செய்தார். 1932-இல் டப்ளினுக்கும் பிரேவுக்கும் இடையே அந்த ரயில் ஓடியது. யுத்தத்தில் கரி கிடைக்காமல் மற்ற வண்டிகள் தவித்தபோது இவை கைகொடுத்தன. செய்தது நாலே ரயில்கள். 1949-இல் அவையும் நின்றன.

இப்போது லித்தியம் வந்திருக்கிறது. 2021-இல் கலிபோர்னியாவில் வாப்டெக் கம்பெனி 2,400 யூனிட் கொள்ளும் பேட்டரி இஞ்சினைச் சரக்கு ரயிலில் ஓட்டியது, கூடவே டீசல் இஞ்சின்களையும் சேர்த்து. பிரேக் போடும்போது வீணாகும் சக்தியைப் பிடித்து வைத்ததில் எரிபொருள் 11 சதவீதம் மிச்சம்.

குமாஸ்தா புத்தி, கணக்குப் போட்டேன். ரயில் இஞ்சினில் ஒரு லிட்டர் டீசல் சுமார் 4 யூனிட் தரும். அப்படியானால் அந்தப் பெரிய பேட்டரி 600 லிட்டருக்குச் சமம். நம் பழைய டீசல் இஞ்சின் டாங்கியோ 5,000 லிட்டர். முசியே முழுக்கத் தப்பாகச் சொல்லவில்லை!

ஆகவே நெடுந்தூரத்துக்குக் கம்பி மின்சாரமே போதும். விழுப்புரம் பாதையிலும் இப்போது கம்பிதான். ஆனால் கம்பி இல்லாத சைடிங்குகளில் மின்சார இஞ்சின் நுழைய முடியாது. அங்கே பெட்டிகளை இழுக்க 2020-இல் ஜபல்பூர் கோட்டத்தில் 'நவ்தூத்' என்றொரு இஞ்சின் செய்தார்கள். கம்பியிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும்.