தரங்கம்பாடியில் ஒரு டென்மார்க் சிலுவை

மதுரைக்காரர்களிடம் சர்ச் என்று சொன்னால் கீழவெளி வீதியில் உள்ள மரியன்னை பேராலயம்தான் முதலில் நினைவுக்கு வரும். உயரமான இரண்டு மணிக்கூண்டுகள், நீளமான கூடம், கடைசியில் பீடம். எல்லா சர்ச்சும் இப்படித்தான் இருக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் வட ஐரோப்பாவில் வேறொரு கட்டட மரபு உண்டு. அதைப் பார்க்க விமானம் ஏற வேண்டாம், தரங்கம்பாடிக்குப் பஸ் ஏறினால் போதும்!

முதலில் டென்மார்க்குக்கு ஒரு நடை போய்வருவோம். அங்கே கட்டடத்துக்கு ஏற்ற நல்ல கல் குறைவு. அதனால் 12-ஆம் நூற்றாண்டிலிருந்து செங்கல்லால் கட்டப் பழகினார்கள். டென்மார்க் அரசர்களை அடக்கம் செய்யும் ரோஸ்கில்ட பேராலயம் அப்படி எழுந்த செங்கல் கட்டடம்தான். 1536-ல் அந்த நாடு மார்ட்டின் லூதரின் வழிக்கு மாறியது. அதன்பிறகு வழிபாட்டில் பிரசங்கத்துக்கு முக்கிய இடம் வந்தது. பிரசங்கம் எல்லோர் காதிலும் விழ வேண்டும் அல்லவா? நீளமான கூடத்தில் கடைசியில் உட்கார்ந்தவருக்கு என்ன கேட்கும்? ஆகவே நான்கு கைகளும் ஏறக்குறைய சமமான சிலுவை வடிவில் சில ஆலயங்களைக் கட்டினார்கள். கோபன்ஹேகனில் 1696-ல் முடிந்த மீட்பர் ஆலயம் இதற்கு நல்ல உதாரணம். எந்தக் கையில் உட்கார்ந்தாலும் நடுப்பகுதி அருகில்தான்.

இனி நம்ம ஊருக்கு வருவோம். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். தங்கள் வழிபாட்டுக்காக 1701-ல் சீயோன் ஆலயத்தையும் கட்டினார்கள். ஆனால் அது டேனிஷ்காரர்களுக்கான ஆலயம். 1706-ல் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய இரண்டு ஜெர்மானியர்கள், சீகன்பால்குவும் புளூட்சோவும், வந்து இறங்கினார்கள். சீகன்பால்கு தமிழ் கற்று, அடுத்த ஆண்டே தமிழர்களுக்கென்று ஒரு சிறிய ஆலயம் கட்டினார். கோட்டைத் தளபதிக்கு இவர் போக்கு பிடிக்கவில்லை. 1708-ல் நான்கு மாதம் சிறையில் அடைத்தார்!

இடம் போதாமல் போகவே, 1717-ல் புதிய எருசலேம் ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டி 1718 அக்டோபரில் திறந்தார்கள். சீயோன் ஆலயம் இருக்கும் அதே ராஜ வீதியில்தான் இதுவும் இருக்கிறது. தரைப்படம் சிலுவை வடிவம். கோபன்ஹேகனில் பார்த்த அதே யோசனை. முகப்பில் வளைவு வளைவாக ஏறும் உச்சிச் சுவர், அதில் கிரீடத்தோடு மன்னரின் எழுத்து முத்திரை, 1718 என்ற ஆண்டு. அந்த மன்னர் உறங்குவது ரோஸ்கில்ட செங்கல் பேராலயத்தில். அவர் பெயரைத் தாங்கி நிற்பதும் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். காவிரிப் படுகையிலும் கல் கிடைக்காது, வண்டல் மண் மட்டுமே! பனி சறுக்கி விழுவதற்கான செங்குத்துக் கூரை இங்கே தேவையில்லை. வெயிலுக்குக் கனத்த சுவர்கள் போதும்.

ஆலயம் திறந்து சில மாதங்களில், 1719 பிப்ரவரியில், சீகன்பால்கு இறந்தார். வயது 36. அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள்.

இதுவரை வாசித்தால் அழகான கதை. ஆனால் எனக்கு உறுத்துவது இனிமேல்தான். எல்லோரும் ஒரே குரலை ஒரே தூரத்தில் கேட்பதற்கென்று உருவான வடிவம் இது. அதற்குள் வந்து உட்கார்ந்த மக்கள் சாதியை வாசலில் விட்டுவிட்டு வரவில்லை. வெள்ளாளர் முதலியோர் ஒருபக்கம், பறையர் ஒருபக்கம் என்று தனித்தனியாகத்தான் அமர்ந்தார்கள். குருமார்களும் அதற்கு இடம் கொடுத்தார்கள். 1733-ல் ஆரோன் என்ற தமிழர் குருப்பட்டம் பெற்றார். இந்தியாவில் பிராட்டஸ்டண்ட் சபையில் குருவான முதல் இந்தியர் அவர். வெள்ளாளர். அதே காலத்தில் தஞ்சைப் பக்கம் ஊழியம் செய்த ராஜநாயக்கன் பறையர் குலத்தவர், படைவீரராக இருந்தவர். அவருக்கு அந்தப் பட்டம் கிடைக்கவே இல்லை. அவர் கையால் மற்ற சாதியார் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்ற பயம்தான் காரணம்.

1845-ல் டென்மார்க் தரங்கம்பாடியையும் வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனது. கோட்டை கைமாறியது, கொடி மாறியது. புதிய எருசலேம் ஆலயத்தில் இன்றும் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையார் தமிழில் வழிபடுகிறார்கள்.

ஒரு கட்டடத்தின் வடிவத்தைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து விடலாம். செங்கல்லும் சுண்ணாம்பும் இருந்தால் இரண்டு வருடத்தில் எழுப்பியும் விடலாம். அந்த வடிவம் எதற்காக உருவானதோ அதை மனிதர்கள்தான் கட்டி முடிக்க வேண்டும். அது செங்கல் வேலையை விடக் கஷ்டம் போலிருக்கிறது!

அந்தப் பக்கம் போனால் கோட்டையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். இந்த ஆலயத்துக்குள்ளும் போய், நான்கு கைகளும் கூடும் நடு இடத்தில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.