வயசாயிடுச்சு, அவ்ளோதானா?

கிரிவலப் பாதையில மலைக்கு மேற்கே இருக்கு அடி அண்ணாமலை. 14 கிலோமீட்டர் சுத்துல பாதத்தைத் தேய்ச்சுத் தேய்ச்சு நடக்குற பெரியவங்களை அங்க பார்க்கலாம். "வயசாச்சுங்க, ஞாபகமும் இல்ல"ன்னு கூட வர்றவங்க சொல்லுவாங்க. பெரும்பாலும் மறதி நோய் அல்லது பார்க்கின்சன்தான். ஆனா சிலருக்கு நெத்திக்குப் பின்னாடி, மூளையுறையில மெதுவா வளர்ற மெனிஞ்சியோமா கட்டியும் இதே வேஷம் போடும். பேச்சு குறையும், நடை தளரும், சிறுநீர் அடங்காது. தலைவலிகூட இல்லாம இருக்கலாம். கட்டியை எடுத்துட்டா பழைய ஆள் திரும்பக் கிடைக்கவும் கூடும். அதுதான் விஷயமே.

நம்ம பக்கத்துல இதுக்கு வழி பிறந்தது, சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி வேலூர்ல. மான்ட்ரியலில் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி, 1949ல் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். 1950ல் சென்னை பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி.

அப்போ ஸ்கேன் ஏது? வால்டர் டேண்டி 1918-19ல் சொன்ன வழிதான்: மூளைநீரை எடுத்துட்டு, அந்த இடத்துல காத்தை ஏத்தி எக்ஸ்ரே. படத்துல கட்டி தெரியாது. அது எதைத் தள்ளியிருக்குன்னுதான் தெரியும். நோயாளிக்கோ மண்டையைப் பிளக்குற வலி, வாந்தி. மறதி வந்த 70 வயசுப் பாட்டியை யாருங்க இதுக்கு அனுப்புவாங்க? 'புத்தி பேதலிச்சுப் போச்சு'ங்கிற பேரோடவே போய்ச் சேர்ந்தவங்க எத்தனை பேரோ.

1971 அக்டோபர் 1, லண்டன் அட்கின்சன் மார்லி மருத்துவமனை. ஹவுன்ஸ்ஃபீல்டோட சி.டி. ஸ்கேன் முதன்முதலா ஒரு நோயாளியின் தலைக்குள்ள பார்த்தது. அந்தப் பெண்மணிக்கு இருந்ததும் நெத்திக்குப் பின்னாடி ஒரு கட்டிதான்! இன்னிக்கு மறதின்னு போனா டாக்டர் ஒரு ஸ்கேன் எழுதித் தர்றது சும்மா இல்லீங்க.