நூறு வருஷ மௌனம்

தேவதானப்பட்டிக்கு ரயில் கிடையாது. ரயில் பார்க்க வேண்டுமென்றால் பெரியகுளம் தாண்டித் தேனிக்குத்தான் போகவேண்டும். என் பெரியப்பா இளவயதில் மாங்காய் வண்டியோடு தேனிச் சந்தைக்குப் போய் வருவார். திரும்பி வந்ததும், மாங்காய் என்ன விலைக்குப் போயிற்று என்று சொல்லமாட்டாராம். போடி ரயிலின் என்ஜின் எப்படிப் பெருமூச்சு விட்டது என்பதை வாயாலேயே செய்து காட்டுவாராம். நாங்கள் பிறந்த பிறகும் அந்தக் கச்சேரி ஓயவில்லை.

சில வருஷங்களுக்கு முன் அவரைச் சென்னைக்கு அழைத்துப்போனேன். எழும்பூரிலிருந்து கோடம்பாக்கம் வரை 'எக்ஸ்பிரஸ்' என்ற பழைய நீராவி என்ஜினை ஓட்டிக் காட்டினார்கள்.

அதன் சரித்திரம் ரஸமானது. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக் கிட்சன், தாம்ஸன், ஹியூவிட்ஸன் கம்பெனியார் 1855-ல் செய்தது. கப்பலேறிக் கல்கத்தா வந்து, ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயில் 21-ம் நம்பர் பெற்றது. 22-ம் நம்பர் பெற்ற 'ஃபேரி குவீன்' அதன் தங்கை. தென்னாட்டின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியதே 1856 ஜூலை 1-ம் தேதிதான். அதற்கும் மூத்தது இந்த என்ஜின்!

1909-ல் இரண்டும் ஓய்வு பெற்றன. தங்கை அதிர்ஷ்டசாலி, 1997-ல் மறுபடி ஓடத் தொடங்கி, அடுத்த வருஷமே கின்னஸ் புத்தகத்தில் ஏறிவிட்டாள். அக்காளோ ஜமால்பூர் ரயில்வே தொழிற்சாலை முதலிய இடங்களில் வெறும் காட்சிப் பொருளாக நின்றாள். நூறு வருஷ மௌனம்! கடைசியில் பெரம்பூர் லோகோ தொழிலாளர்கள் இல்லாத பாகங்களைப் புதிதாகச் செய்து பூட்டி, 2010 ஆகஸ்டு 15-ம் தேதி அவளை ஓடவைத்தார்கள்.

"இத்தனை புதுச் சாமான் போட்டபின் இது பழைய என்ஜின்தானா, பெரியப்பா?" என்று கேட்டேன்.

"நம்ம வண்டிக்கு எத்தனை தடவை சக்கரம் மாத்தியிருக்கு? இன்னும் உங்க தாத்தா வண்டின்னுதானேப்பா சொல்றோம்?" என்றார்.

அப்புறம் என்ஜின் மூச்சு விட்டது. பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

அதே 2010-ம் வருஷக் கடைசியில்தான் மதுரை–போடி மீட்டர் கேஜ் ரயில் நின்றது. அகலப் பாதை போட்டு, 2022-ல் தேனிக்கும் 2023-ல் போடிக்கும் மறுபடி ரயில் வந்தது. மெத்தச் சந்தோஷம். ஆனால் அது வந்து நின்றபோது, பழைய ரயிலைப்போல் மூச்சு விட்டுக் காட்டப் பெரியப்பா இல்லை.

இரும்பு நூறு வருஷம் காத்திருக்கும். அதைத் திருத்தத் தெரிந்த கைகளும், அதன் குரலை நினைவில் வைத்திருந்த காதுகளும் அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. பெரம்பூரில் அந்தக் கைகள் இருந்தன, அக்காள் பிழைத்தாள். பெரியப்பாவின் கச்சேரியை ஒரு முறையாவது பதிவு செய்து வைத்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.