தளர்ந்த தந்தியின் வரலாறு



சில ஆண்டுகளுக்கு முன்பு, மாணவர் ஒருவரின் தந்தை நீண்ட கழுத்துடைய கித்தார் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். "ஐயா, இதற்கு எந்தத் தந்தி போட வேண்டும்? சுருதியை எவ்வளவு கீழே இறக்கலாம்?" என்று கேட்டார். எல்லாம் அறிந்தவன்போல், கடையில் கிடைத்த வழக்கமான தந்திகளையே மாட்டிச் சுருதியை வெகுவாகக் கீழிறக்கிக் கொடுத்தேன். தந்திகள் துவண்டு, மெட்டுகளில் மோதி இரைந்தன. அம்மாணவனின் முகம் வாடியதை நான் இன்றும் மறக்கவில்லை. விடை தெரியாத கேள்விக்குத் தெரிந்ததுபோல் விடை சொல்வது ஆசிரியனுக்கு அழகன்று. அந்தத் தவறுதான் என்னை இவ்வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தது.

தந்தியின் இலக்கணத்தை முதன்முதலில் விரிவாக வகுத்துக் கூறியவர்களுள் ஒருவர் மாரின் மெர்சென் (1588–1648) என்னும் பிரெஞ்சுத் துறவி. 1636-இல் வெளிவந்த தம் இசை நூலில் அவர் கூறியதன் சாரம் இதுதான்: தந்தி நீண்டால் சுருதி தாழும், தடித்தால் தாழும், இழுவிசை குறைந்தாலும் தாழும். ஆனால், இழுவிசையின் கணக்கு நேர்க்கணக்கன்று. சுருதி பாதியாக வேண்டுமெனில் இழுவிசை நான்கில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். அக்காலத்துத் தந்திகள் விலங்கின் குடலால் ஆனவை. தாழ்ந்த சுருதிக்கு மிகத் தடித்த குடல்தந்தி வேண்டியிருந்தது. அது தெளிவாக ஒலிக்காது. 1660-களில் குடல்தந்தியின்மேல் உலோகக் கம்பியைச் சுற்றும் முறை பரவிய பின்னரே, தடிமன் மிகாமல் எடையை மட்டும் கூட்ட வழி பிறந்தது. இன்றைய கித்தாரின் கீழ்த்தந்திகளும் இம்முறையில் அமைந்தவையே.

தந்தியைத் தளர்த்தி வாசிப்பதை ஒரு மரபாகவே வளர்த்தவர்கள் ஹவாய் மக்கள். 1793-இல் வான்கூவர் என்னும் ஆங்கிலேய மாலுமி, முதலாம் கமேஹமேஹா மன்னருக்கு மாடுகளைப் பரிசாக அளித்தார். அவற்றைக் கொல்லக் கூடாதென்று மன்னர் தடை விதித்தமையால் அவை பல்கிப் பெருகி, காலப்போக்கில் பயிர்களை அழிக்கத் தொடங்கின. அவற்றை அடக்க, 1830-களில் மூன்றாம் கமேஹமேஹா மன்னர் காலத்தில் மெக்சிகோவைச் சார்ந்த மாட்டுக்காரர்கள் வரவழைக்கப்பட்டனர். அவர்களோடு கித்தாரும் தீவுகளில் வந்திறங்கியது என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி. ஹவாய் மக்கள் அதனைத் தங்கள் பாடலுக்கு ஏற்பத் தளர்த்திச் சுருதி சேர்த்தனர். அதற்குக் 'கி ஹோஅலு' என்று பெயர். தளர்த்திய சுருதி என்பது அதன் பொருள்.

இச்சுருதிகளுள் புகழ்பெற்றது 'சேம்பு வயல்' எனப் பொருள்படும் 'டாரோ பாட்ச்'. வழக்கமான இ, ஏ, டி, ஜி, பி, இ என்னும் வரிசையில் ஆறாம், ஐந்தாம், முதலாம் தந்திகளை ஒவ்வொரு முழுச்சுரம் இறக்கினால் டி, ஜி, டி, ஜி, பி, டி என்றாகும். விரல் வைக்காமல் மீட்டினாலே இனிய இசைவொலி எழும். ஒவ்வொரு குடும்பமும் தனக்கெனச் சில சுருதிகளை வைத்திருந்தது. பிறர் அறியாதிருக்க, வாசித்து முடித்ததும் தந்திகளைத் தளர்த்திவிட்டுக் கித்தாரைக் கீழே வைப்பவர்களும் இருந்தனர் என்பர்.

இங்கேதான் என் நெஞ்சம் கனத்தது. காப்பதற்காக மறைத்தவை, கற்பவர் இல்லாதபோது மறையும் நிலைக்கு வந்தன. 1893-இல் ஹவாய் அரசி லிலியுஓகலானி ஆட்சியிலிருந்து அகற்றப்பட்டார். 1896-இல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் வந்தது. மொழி வகுப்பறையை விட்டு வெளியேறியது. பாட்டும் சுருதியும் வீட்டுத் திண்ணையில் ஒடுங்கின. 1946-இல் கபி பஹினுயி (1921–1980) இம்முறையில் வாசித்து வெளியிட்ட இசைத்தட்டு பலரை ஈர்த்தது. 1973-இல் கெயோலா பீமர் இதற்கெனப் பயிற்சி நூலே எழுதி வெளியிட்டார். பூட்டி வைத்திருந்தது பாடமாயிற்று. 1978-இல் ஹவாய் மொழி அம்மாநிலத்தின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. 1984-இல் மழலையர் பள்ளியிலும் 1987-இல் அரசுப் பள்ளிகளிலும் அது மீண்டும் பயிற்றுமொழியாகத் தொடங்கியது.

ஹவாய் இசைக்குக் கித்தார்த் தயாரிப்பும் கடன்பட்டுள்ளது. 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப்பின் அமெரிக்காவில் ஹவாய் இசை மோகம் பெருகியது. உரத்த ஒலி தரும் எஃகுத் தந்திகளைப் பலர் நாடினர். 1922-இல் மார்ட்டின் நிறுவனம் எஃகுத் தந்திக்கென்றே அமைந்த கித்தாரை வழக்கமான விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஏறத்தாழ அதே காலத்தில், நீண்ட தந்திகள் கொண்ட ஸ்டெல்லா என்னும் பன்னிரு தந்திக் கித்தார்களும் விற்பனையாயின. லெட் பெல்லி என்ற கறுப்பினப் பாடகர் (மறைவு 1949) அத்தகைய ஒன்றைத் தடித்த தந்திகளுடன், வழக்கத்தைவிட வெகுவாகத் தாழ்த்தி வாசித்தார். நீளமும் தடிமனும் சேர்ந்தால்தான் தாழ்ந்த சுருதி கம்பீரமாக ஒலிக்கும் என்பதற்கு அவர் வாசிப்பே சான்று.

இனி, அந்தத் தந்தையின் கேள்விக்கு வருவோம். சாதாரணக் கித்தாரில் தந்தியின் அதிரும் நீளம் சுமார் 25.5 அங்குலம். அவர் கொண்டுவந்தது 27 அங்குலம். ஆறாம் தந்தியை 'இ'யிலிருந்து 'பி'க்கு இறக்கினால் (நம் சுர வழக்கில் ச–ம இடைவெளி) சுருதி முக்கால் பங்காகும். அதே நீளத்தில் இழுவிசை 56 விழுக்காடாகும். 27 அங்குல நீளத்தால் அது 63 விழுக்காட்டிற்கு உயரும், ஆயினும் போதாது. பழைய இழுவிசை வேண்டுமெனில் 0.053 அங்குலத் தந்திக்குப் பதிலாக ஏறத்தாழ 0.067 அங்குலத் தந்தி வேண்டும். நான் செய்யத் தவறியது இதுவே. சாதாரண நீளமுள்ள கித்தாரில் ஒரு முழுச்சுரம் மட்டும் இறக்குவதாயின் 12 விழுக்காடு தடித்தால் போதும், 0.053 ஏறத்தாழ 0.060 ஆகும்.

பெற்றோர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, நைலான் தந்திக்கெனச் செய்த கித்தாரில் எஃகுத் தந்தி மாட்டலாகாது. நைலான் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 40 கிலோ இழுக்கும். எஃகுத் தந்திகளோ 70 கிலோவுக்குமேல் இழுக்கும். குதிரை பெயர்ந்துவிடும். இரண்டாவது, தடித்த தந்தி பொருந்த, கழுத்தின் தலைப்பிலுள்ள பள்ளங்களை அகலப்படுத்த வேண்டியிருக்கும். அதனைக் கைதேர்ந்தவரிடம் விடுங்கள்.

அம்மாணவனுக்குப் பின்னர்ச் சரியான தந்திகளை வாங்கிப் பொருத்திக் கொடுத்தேன். எந்தத் தந்தி, எந்தச் சுருதி, ஏன் என்பதை ஒரு தாளில் அவனையே எழுதச் சொன்னேன். தாளைக் கித்தார்ப் பையினுள் வைத்துக்கொண்டான். இன்னொரு நாள் வேறொரு சிறுவன் அதைக் கேட்டபோது, மறைக்காமல் எடுத்துக் காட்டினான். அன்று எனக்கு ஏற்பட்ட நிறைவைச் சொல்லி முடியாது.