பழைய கணினியும் புதிய விளையாட்டும்: மேம்படுத்துவதா, மாற்றுவதா?

புதிதாக வெளிவந்த விளையாட்டு ஒன்று வீட்டுக் கணினியில் திக்கித் திணறி ஓடுகின்றபோது அந்தக் குடும்பத்தில் ஒரு விவாதம் ஆரம்பமாகின்றது. ஓரிரு பாகங்களை மாற்றி அதே கணினியைத் தொடர்ந்து பயன்படுத்துவதா, அல்லது அதை ஒதுக்கிவிட்டுப் புதியதொன்றை வாங்குவதா? பிள்ளைகள் ஒரு பக்கமும் பணம் கொடுக்கவேண்டியவர்கள் மறுபக்கமும் நின்று வாதாடுகின்ற இக்கேள்வி பொதுவாக வெறும் தொழில்நுட்ப விவகாரமாகவே கருதப்படுகின்றது. ஆனால், இதற்கு நாற்பது வருடங்களுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. ஒரு பொருள் எப்போது பழையதாகின்றது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அதை வாங்கியவருக்கா, விற்றவருக்கா என்பதே அந்த வரலாற்றின் மையப் பிரச்சினை. அரசியலையே பெரும்பாலும் எழுதிவந்த எனக்கு இவ்விடயத்தில் அக்கறை ஏற்பட்டதற்கும் அதுவே காரணம்.

1981 ஓகஸ்ட் 12 ஆம் திகதி ஐ.பி.எம். நிறுவனம் தனது தனிநபர் கணினியை அறிமுகம் செய்தது. அதன் ஆரம்ப விலை 1,565 டொலர்கள். அந்த விலைக்குக் கிடைத்த நினைவகம் 16 கிலோபைட் மாத்திரமே. ஆனால், அதன் தாய்ப்பலகையில் புதிய அட்டைகளைப் பொருத்துவதற்கு 5 செருகுவாய்கள் இருந்தன. அதைவிட முக்கியமானது, அதன் மின்சுற்று வரைபடங்களை ஐ.பி.எம். கைநூலாகவே வெளியிட்டமை. இதனால் எந்தவொரு நிறுவனமும் அக்கணினிக்கான உதிரிப்பாகங்களைத் தயாரிக்கக்கூடியதாக இருந்தது. மேம்படுத்துவதா, மாற்றுவதா என்ற கேள்வியைச் சாதாரண மனிதர் ஒருவர் கேட்கக்கூடிய நிலையை உருவாக்கியதில் இந்தத் திறந்த வடிவமைப்பின் பங்கு பெரியது. 1984 ஜனவரியில் வெளிவந்த அப்பிளின் மெக்கின்டோஷ் அதற்கு நேரெதிரானது. அதில் செருகுவாய்களே இல்லை. பெட்டியைத் திறப்பதற்குக்கூட விசேடமான திருப்புளி தேவைப்பட்டது.

திறந்துவிட்ட கதவை ஐ.பி.எம். நிறுவனமே பின்னர் மூட முயன்றது என்பது இவ்வரலாற்றில் பலரும் மறந்துவிட்ட அத்தியாயம். 1987 ஆம் ஆண்டில் அறிமுகமான அதன் பிஎஸ்/2 வரிசைக் கணினிகளில் ‘மைக்ரோ சனல்’ என்ற புதிய இணைப்பு முறை புகுத்தப்பட்டது. பழைய அட்டைகள் அதில் பொருந்தவில்லை. அம்முறையைப் பயன்படுத்த விரும்பிய ஏனைய நிறுவனங்கள் ஐ.பி.எம்.முக்கு உரிமக் கட்டணம் செலுத்தவேண்டியிருந்தது. கொம்பாக் தலைமையில் 9 நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து 1988 இல் பழைய அட்டைகளையும் ஏற்கும் மாற்று முறையொன்றை அறிவித்தன. மைக்ரோ சனல் நிலைக்கவில்லை. சந்தையின் மாபெரும் நிறுவனம் ஒன்று நினைத்தால்கூட, மக்கள் பழகிவிட்ட ஒரு உரிமையை எளிதில் பறித்துவிட முடியாது என்பதை அது நிரூபித்தது எனலாம்.

இந்த உரிமையை அதிகம் பயன்படுத்தியவர்கள் விளையாட்டுப் பிரியர்கள்தான். எழுத்து வேலைக்கும் கணக்கு வேலைக்கும் பழைய கணினி வருடக்கணக்கில் போதும். விளையாட்டோ இயந்திரத்தின் முழுச் சக்தியையும் உறிஞ்சக்கூடியது. 1993 டிசம்பரில் வெளிவந்த ‘டூம்’ என்ற விளையாட்டுக்குக் குறைந்தது 4 மெகாபைட் நினைவகம் தேவைப்பட்டது. 1996 இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் ‘வூடூ’ சில்லுடன் முப்பரிமாண கிராபிக்ஸ் அட்டைகள் சந்தைக்கு வந்தன. ஏற்கெனவே இருந்த காட்சி அட்டையை அகற்றாமலேயே, அதனுடன் ஒரு கேபிளால் இணைத்து அவற்றைப் பயன்படுத்தலாம். கணினியின் ஏனைய பாகங்கள் அப்படியே இருக்க, ஒரேயொரு அட்டையினால் விளையாட்டின் தோற்றமே மாறியது.

ஆயினும், அந்தக் காலத்தில் மேம்படுத்தியவர்கள் நீண்டகாலம் நிம்மதியாக இருக்க முடியவில்லை. 1993 இல் 60 மெகாஹேர்ட்ஸ் வேகத்துடன் அறிமுகமான இன்ரெல்லின் பென்ரியம் செயலியைத் தொடர்ந்து, 2000 மார்ச்சில் ஏ.எம்.டி., இன்ரெல் ஆகிய இரு நிறுவனங்களும் 1,000 மெகாஹேர்ட்ஸைத் தொட்டுவிட்டன. ஏழு வருடங்களில் இவ்வளவு பாய்ச்சல் என்றால், அட்டையை மாற்றிய கையோடு செயலியும் பழையதாகிவிடும். போதாக்குறைக்கு, 1997 இல் வந்த ஏ.ஜி.பி. என்ற செருகுவாய் முறைக்கு மாற்றாக 2004 இல் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் வந்தது. ஒன்றுக்கான அட்டை மற்றையதில் பொருந்தாது. ஆக, புதிய கிராபிக்ஸ் அட்டை வாங்க நினைத்தவர் தாய்ப்பலகையையும் அதனுடன் வேறு பாகங்களையும் மாற்றவேண்டிய நிர்ப்பந்தத்துக்கு உள்ளானார்.

அதே 2004 இல்தான் திருப்பமும் ஏற்பட்டது. 4 கிகாஹேர்ட்ஸ் வேகமுள்ள பென்ரியம் 4 செயலியை வெளியிடும் திட்டத்தை இன்ரெல் கைவிட்டது. வெப்பமும் மின்நுகர்வும் வேகத்துக்கு வரம்பு கட்டின. செயலிகளின் வளர்ச்சி தொடர்ந்தபோதிலும், பழைய பாய்ச்சல் இல்லாமல்போனது. அதன் விளைவாக வீட்டுக் கணினியின் ஆயுள் நீண்டது. ஏ.எம்.டி. நிறுவனம் 2016 இல் அறிமுகம் செய்த ஏ.எம்.4 என்ற செயலித் தாங்கி இதற்கு நல்ல உதாரணம். 2017 இல் ரைசன் செயலிக்காக வாங்கப்பட்ட தாய்ப்பலகைகள் பலவற்றில், 2022 ஏப்ரலில் வெளிவந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி செயலியையும் மென்பொருள் புதுப்பிப்பின் பின்னர் பொருத்த முடிந்தது. மறுபுறத்தில், 2017 ஒக்டோபரில் வெளிவந்த இன்ரெல்லின் எட்டாம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகள், முந்தியவற்றைப் போன்றே 1151 தொடுமுனைகளைக் கொண்டிருந்தும், புதிய தாய்ப்பலகையைக் கோரின. தொழில்நுட்பம் அனுமதிப்பது ஒன்று, விற்பவர் அனுமதிப்பது வேறொன்று என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

விலையும் எப்போதும் கணினிப் பிரியர்களின் கட்டுப்பாட்டில் இருந்ததில்லை. 2020 செப்டெம்பரில் 699 டொலர்களுக்கு அறிவிக்கப்பட்ட என்விடியாவின் ஆர்.ரி.எக்ஸ். 3080 அட்டையை அந்த விலைக்கு வாங்குவது மறுவருடம் முழுவதும் குதிரைக்கொம்பாகவே இருந்தது. தட்டுப்பாடும், கிரிப்டோ நாணயங்களைத் தோண்டுவோரின் பசியுமே அதற்குக் காரணம். 2022 இல் இலங்கை ரூபாய் டொலருக்கு எதிராகச் சுமார் 200 இலிருந்து 360 அளவுக்குச் சரிந்தபோது, இங்குள்ள குடும்பங்களுக்குப் புதிய கணினி என்பது எட்டாக்கனியானது. 2025 இன் இறுதியில் செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்களின் தேவையினால் நினைவக விலைகள் கடுமையாக உயர்ந்தன. சாதாரண நுகர்வோருக்கு ‘குருசியல்’ என்ற பெயரில் நினைவகம் விற்றுவந்த மைக்ரோன் நிறுவனம், அந்த வியாபாரத்திலிருந்து விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது.

வன்பொருள் நன்றாக இருந்தும் கணினி ‘பழையது’ என்று முத்திரை குத்தப்படும் நிலையை அதே ஆண்டில் கண்டோம். மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை நிறுத்தி, பாதுகாப்புப் புதுப்பிப்புகளுக்கு மட்டும் ஒரு வருட நீடிப்பு வழங்கியது. விண்டோஸ் 11 க்கு ரி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புக் கூறும், இன்ரெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியும் வேண்டும். பாதுகாப்பே காரணம் என்று நிறுவனம் கூறுகின்றது. அதில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால், இயங்கும் நிலையிலுள்ள கணினிகளின் கதி என்ன? ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் அறிக்கையின்படி 2022 ஆம் ஆண்டில் உலகில் சேர்ந்த இலத்திரனியல் கழிவு 6 கோடியே 20 இலட்சம் தொன்கள். அதில் முறைப்படி சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம் மாத்திரமே.

இந்த வரலாற்றிலிருந்து குடும்பங்கள் பெறக்கூடிய பாடம் ஒன்று உண்டு. முதலில் எந்தப் பாகம் களைத்துப்போயிருக்கின்றது என்று கண்டறிய வேண்டும். விளையாடும்போது கிராபிக்ஸ் அட்டை இடைவிடாது 100 சதவீதத்தை ஒட்டி உழைக்குமானால், பெரும்பாலும் அட்டையை மாற்றினால் போதும். மின்வழங்கி புதிய அட்டையைத் தாங்குமா என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். சுழலும் வன்தட்டில் விளையாட்டுகள் இருக்குமானால், எஸ்.எஸ்.டி. பொருத்துவதே மலிவான வைத்தியம். அட்டை ஓய்ந்திருக்கச் செயலி திணறுமானால், அதே தாங்கியில் பொருந்தக்கூடிய வலுவான செயலி உண்டா என்று தேடலாம். அதுவும் இல்லையென்றால் செயலி, தாய்ப்பலகை, நினைவகம் ஆகிய மூன்றையும் ஒன்றாக மாற்றவேண்டிவரும். உண்மையில் ‘புதிய கணினி’ என்பது இந்த மூன்றும்தான். அப்போதுகூட பெட்டி, மின்வழங்கி, சேமிப்பகம், திரை ஆகியவற்றில் பெரும்பாலானவை தொடர்ந்து பயன்படும்.

கடைக்காரரின் விளம்பரமோ, விளையாட்டு நிறுவனத்தின் பரிந்துரைப் பட்டியலோ இந்த முடிவை எங்களுக்காக எடுத்துவிட அனுமதிக்கக்கூடாது. பெட்டியின் ஆணிகளைக் கழற்றி உள்ளே பார்க்கும் உரிமை 1981 இலிருந்து எங்களிடம் இருக்கிறது. பயன்படுத்தாத உரிமைகள் மெல்ல மெல்லப் பறிபோய்விடும் என்பது அரசியலுக்கு மாத்திரம் உரிய உண்மையல்ல.